"அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்": நோயாளிகிட்ட உண்மை சொல்றதப் பத்தி கொஞ்சம் நிதானமா

பினாங்கு ஜிஎச்ல, அதாவது அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரியில, வார்டுக்கு வெளிய ஒரு அரைமணி நேரம் நின்னா போதும், இந்தப் பேச்சு காதுல விழும். மகன் டாக்டர் பின்னாடியே வேகமா வருவாரு, வார்டு கதவு சாத்தியிருக்கான்னு ஒரு தடவ திரும்பிப் பார்ப்பாரு, அப்புறம் குரல தாழ்த்தி "டாக்டர், அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, தாங்க மாட்டாரு"ன்னு சொல்வாரு. நம்ம ஆளுங்க மட்டும் இல்ல, சீனக் குடும்பம், மலாய்க் குடும்பம் எல்லாரும் அதே இடத்துல நின்னு அதையே சொல்றத பார்த்திருக்கேன்.

இதப் பத்தி பேச ஆரம்பிச்சா நம்மகிட்ட ரெண்டே கட்சிதான். "வெள்ளைக்காரன் மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவான், அவனுக்கு என்ன பாசம், நாம மறைக்கிறது அன்பால"ன்னு ஒரு கட்சி. "மறைக்கிறதெல்லாம் அந்தக் காலம், படிச்சவங்கன்னா எல்லாத்தையும் பட்டுன்னு சொல்லிடணும்"னு இன்னொரு கட்சி. எங்க தாய்மாமா விஷயத்துல நான் ரெண்டு கட்சியிலயும் மாறி மாறி இருந்தேன். ரெண்டு பக்கமும் ஒரு கேள்விய கேக்கவே இல்லன்னு எனக்கு ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சுச்சு. நான் டாக்டர் இல்ல, மாமா போனதுக்கு அப்புறம் ஹோஸ்பிஸ்ல, அதாவது கடைசிக் காலத்துல இருக்குற நோயாளிகளக் கவனிச்சுக்கற சேவையில, வாலண்டியரா சில வீடுகளுக்குப் போயிட்டு வர்ற ஆளு, அவ்வளவுதான். இந்த விஷயத்த முதல் தடவ யோசிக்கிறவங்களுக்குப் புரியுற மாதிரி எழுதிப் பார்க்கிறேன்.

லெலோங் லெட்டர்

உங்க அப்பா பேர்ல ஒரு வீடு இருக்குன்னு வச்சுக்குங்க. பேங்க் பாக்கி கட்டல, வீடு லெலோங்குக்கு, அதாவது ஏலத்துக்கு, போகப்போகுதுன்னு லெட்டர் வருது. அப்பாவுக்கு ஏற்கனவே பிரஷர், அதனால அண்ணன் அந்த லெட்டர எடுத்து அலமாரியில துணிக்கு அடியில வச்சிடுறாரு. நல்ல நோக்கம்தான், யாரும் பொய் கூட சொல்லல. ஆனா வீடு அப்பா பேர்ல இருக்கு. இபிஎஃப் காச எடுத்து அடைக்கிறதா, தம்பிகிட்ட கை நீட்டுறதா, வித்துட்டு சின்ன வீடா பார்த்துப் போறதான்னு முடிவு பண்ண வேண்டிய மனுஷன், அதே வாரத்துல ஜன்னலுக்குப் புது கிரில் போட ஆர்டர் குடுத்துட்டு இருக்காரு.

இப்ப இதுலயே ஒரு சின்ன மாத்தம் பண்ணிப் பாருங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே அப்பா "இனிமே காசு விஷயம் எதையும் என்கிட்ட கொண்டு வராத, எல்லாம் நீயே பார்த்துக்கோ"ன்னு அண்ணன்கிட்ட சொல்லியிருந்தாருன்னா? அப்ப லெட்டர அலமாரியில வச்சது தப்பா படலல்ல? லெட்டரும் அதேதான், அலமாரியும் அதேதான். அப்பாவ யாராவது கேட்டாங்களா இல்லையா, அது ஒண்ணுலதான் வித்தியாசம். இத மனசுல வச்சுக்குங்க, கடைசி வரைக்கும் இதுதான் திரும்பத் திரும்ப வரும்.

உண்மை ஒரே பொட்டலம் இல்ல

"சொல்றதா வேணாமா"ன்னு கேக்கும்போதே உண்மைய ஒரு பொட்டலமா நினைச்சுக்கறோம், ஒண்ணு முழுசா கையில குடுக்கணும், இல்லன்னா ஒளிச்சு வைக்கணும். அதுக்குள்ள குறைஞ்சது மூணு தனித்தனி விஷயம் இருக்கு.

கார ஃபோர்மேன்கிட்ட, அதாவது மெக்கானிக்கிட்ட, விடுறோம். "கியர்பாக்ஸ் போச்சு"ன்னு அவர் சொன்னா அது நோயறிதல், அதாவது என்ன வியாதின்னு கண்டுபிடிச்சுச் சொல்றது. "கியர்பாக்ஸ் மட்டும் இல்ல, பக்கத்துல உள்ளதையும் சேர்த்துக் கெடுத்திருக்கு"ன்னா அது நிலை, ஆஸ்பத்திரியில ஸ்டேஜுன்னு சொல்றது, எவ்வளவு தூரம் பரவியிருக்குங்கற கணக்கு. "இப்படியே ஓட்டுனா எவ்வளவு நாள் தாங்கும்"னு நீங்க கேட்டு, அவர் தலைய சொறிஞ்சுக்கிட்டு ஒரு பதில் சொல்றாரு பாருங்க, அது முன்கணிப்பு. இனிமே என்ன ஆகும், எவ்வளவு காலம்ங்கற மதிப்பீடு.

இதுல முன்கணிப்பத்தான் நாம ரொம்பத் தப்பா புரிஞ்சு வச்சிருக்கோம். "டாக்டர் ஆறு மாசம்தான் குடுத்தாரு"ன்னு சொல்றோம், என்னமோ டாக்டர் ரோட் டேக்ஸ் மாதிரி தேதி போட்டு ஒட்டிவிட்ட மாதிரி. அந்த ஆறு மாசம் பெரும்பாலும் ஒரு நடுக்கணக்கு. இதே வியாதி, இதே நிலையில இருந்த நூறு பேர, யார் எவ்வளவு நாள் இருந்தாங்கன்னு வரிசையா நிக்க வச்சா நடுவுல நிக்கிற ஆளுக்கு ஆறு மாசம்னு அர்த்தம். பாதிப் பேரு அதுக்கு முன்னாடியே போயிருப்பாங்க, பாதிப் பேரு அதத் தாண்டி இருந்திருப்பாங்க, அதுலயும் சில பேரு வருஷக்கணக்கா. உங்க அப்பா அந்த வரிசையில எங்க நிக்கிறாருன்னு டாக்டருக்கும் தெரியாது. தேதிய மறைக்கிறோம்னு நினைச்சுக்கிட்டு நாம மறைக்கிறது பல நேரம் யார்கிட்டயுமே இல்லாத ஒரு தேதிய.

இதுவரைக்கும் வந்தத சுருக்கிக்கலாம். வியாதியோட பேரு, பரவின நிலை, இனிமே உள்ள காலம், மூணும் வேற வேற. ஒருத்தருக்குப் பேரு மட்டும் தெரிஞ்சா போதும்னு இருக்கலாம், இன்னொருத்தருக்கு மூணும் வேணும்னு இருக்கலாம்.

வெள்ளைக்காரங்களும் மறைச்சவங்கதான்

"அவங்க கலாச்சாரத்துல சொல்லிடுவாங்க"ன்னு சொல்றோமே, அந்தக் கலாச்சாரத்துக்கு வயசு என்னன்னு பார்த்தா ஆச்சரியமா இருக்கும். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1847ல முதல் ஒழுக்க விதிகள எழுதும்போது, டாக்டரோட செயல் மட்டும் இல்ல, அவரோட வார்த்தையும் நடந்துக்கற விதமும் கூட நோயாளியோட ஆயுளக் குறைச்சிடும், அதனால மனச உடைக்கிற மாதிரி எதையும் சொல்லாம இருக்கணும்னுதான் எழுதி வச்சாங்க. நம்ம பாட்டிங்க சொல்றதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

1961ல சிகாகோவுல ஒரு ஆஸ்பத்திரி டாக்டர்கள்கிட்ட, கேன்சர்னா நோயாளிகிட்ட சொல்வீங்களான்னு கேட்டாங்க. கிட்டத்தட்ட 90 சதவீதம் பேரு சொல்றதில்லன்னாங்க. 1979ல அதே மாதிரி கேள்விய அமெரிக்காவுல இன்னொரு இடத்து டாக்டர்கள்கிட்ட கேட்டா 97 சதவீதம் பேரு சொல்லிடுவோம்னாங்க. நடுவுல 18 வருஷம்தான். அந்த ஊர்க்காரங்க ரத்தமோ பாசமோ பதினெட்டு வருஷத்துல மாறிடல. மாறுனது வேற. ஒண்ணு, வைத்தியம் மாறுச்சு. கீமோ, ரேடியோதெரபின்னு மாசக்கணக்குல நோயாளி ஒத்துழைக்க வேண்டிய சிகிச்சைங்க வந்துச்சு, தலைமுடி கொட்டுற மருந்த "இது சத்து ஊசி"ன்னு சொல்லி எத்தனை நாளைக்குப் போட முடியும்? ரெண்டாவது, நோயாளிக்கு உரிமை இருக்குங்கற பேச்சு பெருசாச்சு. அதுலேர்ந்துதான் தகவலறிந்த சம்மதம்ங்கற சொல்லு எங்க பார்த்தாலும் வருது, என்ன செய்யப் போறாங்க, ஏன், என்ன ஆபத்துன்னு புரிஞ்சுக்கிட்டு நோயாளி சரின்னு சொல்றதுக்குத்தான் அந்தப் பேரு.

ஜப்பான்லயும் இதே கதைதான், கொஞ்சம் தாமதமா. 1989 ஜனவரியில இறந்துபோன பேரரசர் ஹிரோஹித்தோவுக்குக் குடல்ல கேன்சர். அத அரண்மனை நாட்டு மக்களுக்கு அறிவிச்சதே அவர் இறந்ததுக்கு அப்புறம்தான், அவருக்கே சொல்லலன்னுதான் செய்தி. ஒரு நாட்டோட பேரரசருக்கே அவர் உடம்பப் பத்தி சொல்லல. அதே ஜப்பான்ல இப்ப நோயாளிகிட்ட நேரா சொல்றது சாதாரணம் ஆயிடுச்சு.

கலாச்சாரம்னு சொல்றது எத

அதுக்காகக் கலாச்சார வித்தியாசமே கிடையாதுன்னு நான் சொல்லல. இருக்கு, நல்லாவே இருக்கு. 1995ல லாஸ் ஏஞ்சலஸ்ல 65 வயசு தாண்டின 800 பேர்கிட்ட, ஒரு இனத்துக்கு 200 பேருன்னு, பரவிப்போன கேன்சர நோயாளிகிட்ட சொல்லணுமான்னு கேட்டாங்க. ஐரோப்பிய வம்சாவளிக்காரங்கள்ல 87 சதவீதம், கறுப்பினத்தவங்கள்ல 88 சதவீதம் சொல்லணும்னாங்க. மெக்சிகோ வம்சாவளியில 65, கொரிய வம்சாவளியில 47.

இந்த 47ங்கற நம்பர வச்சுத்தான் எல்லாரும் "பார்த்தியா, ஆசியாக்காரங்களுக்குச் சொல்லக் கூடாது"ன்னு பேசுறாங்க. எனக்கு அது தலைகீழா தெரியுது. 47 சதவீதம்னா கிட்டத்தட்ட பாதிப் பேரு சொல்லணும்னு கேக்குறாங்க. ஒரு கொரியப் பாட்டியோட முகத்த மட்டும் பார்த்து முடிவு பண்ணா, காசு சுண்டிப் பூவா தலையா போடுறதும் அதுவும் ஒண்ணுதான். அந்தப் பக்கம் ஐரோப்பிய வம்சாவளியில கூட நூத்துக்கு 13 பேரு சொல்லணும்னு சொல்லல. இனம்ங்கறது கூட்டத்தப் பத்தி ஏதோ சொல்லும், உங்க முன்னாடி கட்டில்ல உக்காந்திருக்குற ஆளப் பத்தி ஒண்ணும் சொல்லாது. நம்மள்லயே பாருங்க, தோட்டத்துல பால் மரம் சீவின பாட்டிக்கும் பிரிக்ஃபீல்ட்ஸ்ல கணக்காளரா இருக்குற அவங்க பேத்திக்கும் ஒரே பதிலா வரும்?

அதே 1995ல வந்த இன்னொரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிச்சது. அமெரிக்காவோட தென்மேற்குல நவஹோன்னு பூர்வகுடி மக்கள் இருக்காங்க. அவங்களுக்குப் பேச்சுங்கறது நடந்தத விவரிக்கிற சாமான் மட்டும் இல்ல, நடக்க வைக்கிற சக்தி. டாக்டர் "உங்க கால எடுக்க வேண்டி வரலாம்"னு சொன்னா, அவர் அத எச்சரிக்கையா நினைச்சுச் சொல்றாரு, கேக்குறவருக்கு அது சாபமா விழுது. இது நமக்கு ஒண்ணும் விசித்திரம் இல்ல. வீட்ட விட்டுக் கிளம்பும்போது "போறேன்"னு சொல்ல விடுவாங்களா? "போயிட்டு வர்றேன்னு சொல்லு"ன்னு திருத்துவாங்க. "வாயில நல்ல வார்த்தை வராதா"ன்னு அதட்டுவாங்க. வார்த்தைக்கு பலிக்கிற சக்தி இருக்குன்னு நாமளும் நம்புறவங்கதான். அப்படி நம்புற ஒருத்தர்கிட்ட "ஸ்டேஜ் ஃபோர், பரவிடுச்சு"ன்னு பொட்டுன்னு போட்டு உடைக்கிறது வெறும் தகவல் சொல்றதா முடியாது, அத நானும் ஒத்துக்கறேன்.

இன்னொரு வித்தியாசம், முடிவு யாரோடதுங்கறது. தன்னாட்சின்னு ஒரு சொல்லு இந்தப் பேச்சுல அடிக்கடி வரும், தன் உடம்பப் பத்தித் தானே முடிவு பண்ற உரிமைன்னு அர்த்தம். நம்ம வீட்டுல வியாதி ஒருத்தருக்கு வந்தாலும் அது வீட்டுக்கே வர்றது, யார் லீவு போடுறது, யார் பத்தியம் சமைக்கிறது, யார் காசு கட்டுறதுன்னு பத்துப் பேரு சேர்ந்துதான் சுமக்குறோம். அதனால குடும்பம் முடிவுல பங்கு கேக்குறது அத்துமீறல் கிடையாது. "எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம், எல்லாம் பெரிய மகன்கிட்ட பேசிக்குங்க"ன்னு ஒரு அம்மா தானா சொன்னா அதுவும் தன்னாட்சிதான், தன் உரிமைய அவங்களே எடுத்து மகன் கையில குடுக்குறாங்க. அவங்க குடுக்காமலே மகன் எடுத்துக்கிட்டா அது வேற.

சுருக்கமா, கலாச்சாரம் ரெண்டு இடத்துல நிஜமாவே வேலை செய்யுது, வார்த்தைக்கு எவ்வளவு சக்திங்கறதுலயும் முடிவு யார் கையிலங்கறதுலயும். ஆனா அது காலத்தோட மாறுது, ஒரே வீட்டுக்குள்ளயே ஆளுக்கு ஆளும் மாறுது.

நாலு நிலை, எங்க மாமா

குடும்பமும் டாக்டரும் சேர்ந்து நோயாளிகிட்ட மறைக்கிறதுக்கு மருத்துவத்துல கொலூஷன்னு பேரு, மறைப்புக் கூட்டுன்னு வச்சுக்கலாம். மறைச்சா என்ன ஆகும்? நோயாளிக்குத் தெரியாமலே இருக்கும்னு நினைக்கிறோம். 1960கள்ல பார்னி கிளேசர், அன்செல்ம் ஸ்ட்ராஸ்னு ரெண்டு சமூகவியலாளர்கள் சான் பிரான்சிஸ்கோ பக்கத்து ஆஸ்பத்திரிகள்ல மாசக்கணக்கா உக்காந்து, சாகப்போற நோயாளிகள சுத்தி யாருக்கு என்ன தெரியுதுன்னு கவனிச்சாங்க. நாலு நிலைன்னு பிரிச்சாங்க. முதல்ல மூடிய நிலை, எல்லாருக்கும் தெரியும், நோயாளிக்கு மட்டும் தெரியாது. அடுத்து சந்தேக நிலை, நோயாளி மோப்பம் பிடிக்க ஆரம்பிக்கிறாரு. மூணாவது நடிப்பு நிலை, நோயாளிக்கும் தெரியும், வீட்டுக்கும் தெரியும், ரெண்டு பக்கமும் தெரியாத மாதிரி இருக்காங்க. நாலாவது திறந்த நிலை, தெரியும்ங்கறத வெளிப்படையா பேசிக்கிறாங்க.

மூடிய நிலை ரொம்ப நாள் தாங்காது. உடம்பே சொல்லிக் குடுத்துடும். எட இறங்குது, மஞ்ச பூக்குது, வராத சொந்தக்காரங்கல்லாம் ஆப்பிள் வாங்கிட்டு வர்றாங்க, பொண்டாட்டி கிச்சன்ல அழுதுட்டு வெங்காயம்னு சொல்றாங்க.

எங்க மாமா பிறையில லாரி ஓட்டினவரு. கணையத்துல கேன்சர், கண்டுபிடிச்சப்பவே ஸ்டேஜ் ஃபோர். வீட்டுல எல்லாரும் சேர்ந்து அல்சர்னு முடிவு பண்ணோம். அந்த முடிவ எடுத்தது எங்க அம்மா, அவரோட தங்கச்சி. "அண்ணன் தாங்காது, நான் சொல்றேன் பாரு, அண்ணன் அன்னைக்கே விட்டுரும்"னு அழுதாங்க, அதுக்கு மேல யாரு எதிர்த்துப் பேசுறது. பெரியவங்க ஒருத்தரு "பொய்மையும் வாய்மை யிடத்த"ன்னு குறள் வேற சொன்னாரு. அந்தக் குறள்ல அடுத்து வர்ற சொல்லு "புரைதீர்ந்த நன்மை", குற்றமே இல்லாத நன்மை வந்தாத்தான்னு வள்ளுவரு கண்டிஷன் போட்டிருக்காரு. அத நாம யாரும் நின்னு யோசிக்கல.

தைப்பூசத்துக்கு ரெண்டு மாசம் இருக்கும்போது மாமா சொன்னாரு, இந்த வருஷம் தண்ணிமலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுக்குறேன், கால்ல பலம் இருக்கும்போதே படி ஏறிடணும்னு. ஐநூத்துச் சொச்சம் படி. நாங்க எல்லாரும் ஒரே குரலா "இப்ப எதுக்கு மாமா, அல்சர் ஆறட்டும், அடுத்த வருஷம் எடுக்கலாம்"னோம். அவரு கொஞ்ச நேரம் எங்கள பார்த்துட்டு "சரி, அடுத்த வருஷம்"னாரு. ஜூன் மாசம் போயிட்டாரு. கருமாதி அன்னைக்கு அவரோட லாரி கூட்டாளி ஒருத்தரு என்கிட்ட சொன்னாரு, ஆஸ்பத்திரியில மாடி மாத்தி அனுப்பினப்பவே அவருக்குத் தெரியுமாம், போர்டுல மலாய்ல ஓங்கோலோஜி, அதாவது கேன்சர் பிரிவுன்னு எழுதியிருந்துச்சாம், முப்பது வருஷம் ரோட்டுல போர்டு படிச்சு ஓட்டினவருக்கு அது என்னன்னு தெரியாதா? "பிள்ளைங்க கஷ்டப்பட்டு சிரிக்குதுங்க, நான் தெரியும்னு சொன்னா உடைஞ்சிடும்"னு சொன்னாராம். அவர காப்பாத்துறோம்னு நாங்க நினைச்சோம், எங்கள காப்பாத்திக்கிட்டு இருந்தது அவரு. அந்த "சரி, அடுத்த வருஷம்"ங்கறது எனக்கு இன்னும் காதுல கேக்குது.

நடுவுல நிக்கிற மகன்

மலேசியாவுல இதுக்கு இன்னொரு சிக்கல் சேருது, மொழி. டாக்டர் மலாய்லயோ இங்கிலீஷ்லயோ பேசுறாரு, பாட்டிக்குத் தமிழ்தான். மிஸி, அதாவது நர்ஸ், வந்து "வாரிஸ் யாரு"ன்னு கேப்பாங்க, வாரிஸ்னா நெருங்கின சொந்தம், உடனே மகனோ பேரனோ முன்னாடி போயி நிப்பான். அவந்தான் மொழிபெயர்ப்பாளர். டாக்டர் "கெதும்புஹான்"னு, அதாவது கட்டின்னு, ஆரம்பிச்சு, அது ஈரலுக்குப் போயிருக்குன்னு மூணு நிமிஷம் விளக்குவாரு. பேரன் பாட்டி பக்கம் திரும்பி "சின்னக் கட்டியாம் பாட்டி, மருந்து குடுப்பாங்களாம்"னு ஒரே வரியில முடிச்சிடுவான். பாட்டி தலையாட்டுவாங்க. நோயாளிக்குப் புரிஞ்சிடுச்சுன்னு டாக்டர் நினைச்சுக்குவாரு.

யாரும் கெட்ட எண்ணத்துல செய்யல. பத்தொம்போது வயசுப் பையன் தன் பாட்டிகிட்ட அந்தச் சொல்ல எப்படிச் சொல்லுவான்? சொல்லுங்கன்னு அவன்கிட்ட குடுக்கறதே கொடுமை. வார்டுல தமிழ் பேசுற மிஸியோ டாக்டரோ இருந்தா அவங்கள கூப்பிட்டுப் பேச வைக்கச் சொல்லிக் கேளுங்க, கேக்குறதுல தப்பே இல்ல.

சொன்னா செத்துருவாங்களா

எங்க அம்மாவோட பயமே இதுதான், பல வீட்டுல இதுதான். அதுல கொஞ்சம் நிஜம் இருக்கு. நோசீபோன்னு ஒரு விளைவு உண்டு, கெட்டது நடக்கும்னு எதிர்பார்த்தாலே உடம்புல வலி, குமட்டல் மாதிரி தொந்தரவுங்க கூடுறது. அதிர்ச்சி, தூக்கம் போறது, சில நாள் சாப்பாடு இறங்காம இருக்கறது எல்லாம் நடக்கும்.

ஆனா அதுக்கு அடுத்து என்ன ஆகுதுன்னும் பார்த்திருக்காங்க. 2008ல அமெரிக்காவுல, முத்தின கேன்சர் நோயாளிகள் 332 பேர கவனிச்ச ஒரு ஆய்வு வந்துச்சு. கடைசிக் காலத்துல என்ன வேணும்னு டாக்டரோட பேசினவங்களுக்கு, பேசாதவங்கள விட மனச்சோர்வோ கவலையோ அதிகமா இல்ல. கடைசி வாரத்துல ஐசியுல டியூப்போட கிடந்தது பேசினவங்கள்ல குறைவு, ஹோஸ்பிஸ் கவனிப்புக்கு முன்கூட்டியே வந்தது அதிகம். அமெரிக்காவுல பார்த்ததுதான், அப்படியே பிறைக்கும் செராஸுக்கும் பொருந்தும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா சொன்ன அன்னைக்கே உயிர் போயிடும்ங்கற பயத்துக்கு அதுல ஆதாரம் இல்ல.

இதுல எனக்கு இன்னொரு ஆதங்கம். நம்ம நாட்டுக் கேன்சர் பதிவேட்டுல 2012லேர்ந்து 2016 வரைக்கும் பார்த்தா 60 சதவீதத்துக்கு மேல மூணாவது நாலாவது ஸ்டேஜுலதான் கண்டுபிடிக்கிறாங்க. லேட்டா வர்றதால நிறையப் பேரு போயிடுறாங்க, அதனால கேன்சர்னாலே சாவுன்னு ஆயிடுச்சு, அதனால பேர வாயில எடுக்க மாட்டோம், குணமாகி நல்லா இருக்குறவங்களும் வெளிய சொல்ல மாட்டாங்க, அதப் பார்த்துப் பயந்து அடுத்த ஆளு மார்ல கட்டி இருக்குன்னு ஒரு வருஷம் யார்கிட்டயும் சொல்லாம வச்சிருக்காங்க. மறைக்கிற பழக்கம் ஒரு வீட்டோட நிக்கிறதில்ல.

சட்டம் என்ன சொல்லுது

இங்கயும் வாய்க்கு வந்தபடி பேசுறாங்க, "எல்லாத்தையும் சொல்லணும்னு சட்டமே இருக்கு"ன்னு. அப்படி ஒரே வரியில ஒரு சட்டம் இல்ல. ரெண்டு விஷயம் தெரிஞ்சா போதும்.

ஒண்ணு ரகசியம். 18 வயசு தாண்டின, சுயநினைவோட இருக்குற ஒருத்தரோட நோய்த் தகவல் அவரோடது. மலேசிய மருத்துவ மன்றத்தோட வழிகாட்டிப்படி அவர் சம்மதம் இல்லாம அடுத்தவங்ககிட்ட சொல்லக் கூடாதுங்கறதுதான் அடிப்படை, அந்த அடுத்தவங்கள்ல பிள்ளைங்களும் அடக்கம். நம்ம பழக்கத்துல வாரிஸுக்கு முதல்ல, நோயாளிக்கு அப்புறம்னு தலைகீழா நடக்குது.

ரெண்டாவது ஆபத்து சொல்றது. ஆஸ்திரேலியாவுல ஒரு அம்மாவுக்கு சின்ன வயசுலேர்ந்தே ஒரு கண்ணுல பார்வை இல்ல. அந்தக் கண்ணுல ஆப்பரேஷன். நல்ல கண்ணுக்கு ஒண்ணும் ஆயிடாதேன்னு திரும்பத் திரும்பக் கேட்டாங்க. நல்ல கண்ணும் பாதிக்க 14,000ல ஒரு வாய்ப்பு இருந்துச்சு, டாக்டர் அதச் சொல்லல. கடைசியில நல்ல கண்ணும் போயிடுச்சு. 1992ல அங்க உயர் நீதிமன்றம் சொன்னது, டாக்டர்கள் வழக்கமா என்ன சொல்வாங்கங்கறது அளவுகோல் இல்ல, அந்த நோயாளிக்கு எது முக்கியமோ அதுதான்னு. 14,000ல ஒண்ணு மத்தவங்களுக்குத் தூசு, ஒரே ஒரு கண்ணு இருக்குறவங்களுக்கு? நம்ம கூட்டரசு நீதிமன்றம் 2006 டிசம்பர்ல ஃபூ ஃபியோ நா வழக்குல இதே அளவுகோலத்தான் எடுத்துக்கிச்சு. 1982ல கார் விபத்துல கழுத்து எலும்பு விலகி, ஆப்பரேஷனுக்கு அப்புறம் கை கால் விளங்காமப் போன பொண்ணோட வழக்கு அது. ரெண்டு வழக்குமே சிகிச்சையோட ஆபத்தப் பத்தினது, கேன்சர்னு சொல்றதப் பத்தினது இல்ல. ஆனா கோர்ட்டோட கேள்வி பாருங்க, "இந்த ஆளுக்கு எது முக்கியம்?" அது தெரியணும்னா அந்த ஆளத்தான் கேக்கணும்.

கேட்டுட்டுச் சொல்றது

2000ல வால்டர் பெய்ல், ராபர்ட் பக்மன் இவங்கல்லாம் சேர்ந்து கெட்ட செய்தி சொல்றதுக்கு ஆறு படி எழுதினாங்க, ஸ்பைக்ஸ்னு பேரு, இப்ப உலகம் முழுக்க டாக்டருங்களுக்குச் சொல்லித் தர்றாங்க. ஆறையும் நான் விளக்கப் போறதில்ல. செய்தி சொல்றது நாலாவது படிதான். அதுக்கு முன்னாடி, தனியா உக்காந்து பேச இடம் பார்த்ததுக்கு அப்புறம், ரெண்டு கேள்வி இருக்கு. "உங்க உடம்புக்கு என்னன்னு இதுவரைக்கும் நீங்க என்ன புரிஞ்சு வச்சிருக்கீங்க?" அப்புறம் "இன்னும் எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்புறீங்க?" இந்த ரெண்டாவது கேள்வியத்தான் எங்க மாமாகிட்ட ஒருத்தரும் கேக்கல, டாக்டரும் கேக்கல, நாங்களும் கேக்கல.

தமிழ்ல வீட்டுப் பேச்சா இத இப்படிக் கேக்கலாம்: "அம்மா, டெஸ்ட் ரிசல்ட் எல்லாம் வந்திருக்கு. சில பேரு எல்லாத்தையும் தானே கேட்டுக்குவாங்க, சில பேரு பிள்ளைங்ககிட்ட பேசச் சொல்லுவாங்க. உங்களுக்கு எப்படி வேணும்?" இந்தக் கேள்வியில கேன்சருங்கற சொல்லே இல்ல, வாய் வச்சதாவும் ஆகாது. "எனக்கு வேணாம்பா, நீ பார்த்துக்கோ"ன்னா விட்டுடலாம், ஆனா ஒரு வாரம் கழிச்சு திரும்பக் கேளுங்க, மனசு மாறும். "சொல்லு"ன்னா ஒரே மூச்சுல கொட்டாம முதல்ல பேரு, அவங்க கேட்டா நிலை, அதுக்கு அப்புறமும் கேட்டாத்தான் காலம். அவங்க பேசாம இருந்தா நீங்களும் பேசாம பக்கத்துல இருங்க.

"மறைக்கச் சொல்லி எங்க குடும்பமே நிக்குது, என்ன பண்றது"ன்னு கேப்பீங்க. சண்டை போடாதீங்க. அவங்க பயத்தக் கேளுங்க, எத நினைச்சுப் பயப்படுறீங்கன்னு. டாக்டர்கிட்ட ஃபேமிலி மீட்டிங் கேளுங்க. "நாங்களா சொல்ல மாட்டோம், ஆனா அவர் நேரா கேட்டா பொய் சொல்ல மாட்டோம்"ங்கற அளவுக்காவது எல்லாரும் ஒத்துக்கிட்டா அதுவே பெரிய விஷயம். பேலியேட்டிவ் கவனிப்புன்னு ஒண்ணு இருக்கு, வலியையும் மூச்சுத் திணறலையும் பயத்தையும் குறைக்கிற வைத்தியம், டாக்டர் கைவிட்டவங்களுக்கு உள்ளதுன்னு நினைக்காதீங்க, கீமோ போயிட்டு இருக்கும்போதே சேர்ந்து நடக்கலாம். கேஎல்ல 1991லேர்ந்து ஹோஸ்பிஸ் மலேசியா காசு வாங்காம வீட்டுக்கே வந்து பார்க்குறாங்க, பினாங்குலயும் வீட்டுக்கு வர்ற ஹோஸ்பிஸ் சேவை இருக்கு. இந்தப் பேச்ச எப்படி ஆரம்பிக்கிறதுன்னு அவங்களுக்குப் பழக்கம்.

போன மாசம் அம்மா கிச்சன்ல நெத்திலி தலை கிள்ளிக்கிட்டு இருந்தாங்க, உடம்புக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்காங்க. நானும் பக்கத்துல உக்காந்து கிள்ளிக்கிட்டே கேட்டேன், உங்களுக்கு ஒரு நாள் ஏதாவது பெருசா வந்தா உங்ககிட்ட சொல்லவா, இல்ல நாங்களே பார்த்துக்கவான்னு. திட்டுவாங்கன்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, நெத்திலிய மட்டும் கிள்ளினாங்க. அப்புறம் "பேரச் சொல்லு. எத்தனை நாளுன்னு மட்டும் சொல்லாத, அது எனக்கு வேணாம். உன் தம்பிகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீ முந்திக்காத"ன்னாங்க. தட்ட என் பக்கம் தள்ளி வச்சிட்டு, "அண்ணன்கிட்டயும் கேட்டிருக்கலாம்"னாங்க.